ரத்தத்தில் ஹார்மோன் நார்மல், ஆனாலும் ஃபைப்ராய்டு வளர்கிறது. ஏன்?

கேள்வி இதுதான்: வயது 38. ஸ்கேனில் கர்ப்பப்பையில் மூன்று ஃபைப்ராய்டு கட்டிகள் தெரிந்தன. ஒரு வருடத்தில் ஒன்று மட்டும் 3 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ. ஆகியிருக்கிறது, மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. "ஈஸ்ட்ரோஜன் அதிகமாகிவிட்டது, அதனால்தான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் நார்மல். அப்படியானால் கட்டி எதை வைத்து வளர்கிறது? ஹார்மோன் ஏற்பி என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அதற்கு இதில் என்ன வேலை?

உங்கள் ரிப்போர்ட் நார்மலாக இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஃபைப்ராய்டு உள்ள பெரும்பாலான பெண்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றவர்களுக்கு இருப்பது போலத்தான் இருக்கும். கட்டி வளர ஹார்மோன் கூடுதலாகச் சுரக்க வேண்டியதில்லை. மாதாமாதம் சினைப்பை வழக்கமாகச் சுரப்பதே அதற்குத் தாராளம். அந்த வழக்கமான அளவைக் கட்டியின் செல்கள் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன, பிடித்ததை வைத்து உள்ளே என்ன செய்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவை ஏற்பிகள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபைப்ராய்டு புற்றுநோய் கிடையாது. கர்ப்பப்பையின் தசைச் சுவரில் இருக்கும் ஒரே ஒரு செல் தடம் மாறி, அதிலிருந்து பெருகும் சாதாரணக் கட்டி. மிக மிகப் பரவலானதும்கூட. அமெரிக்காவில் 35 முதல் 49 வயது வரையிலான பெண்களை ஸ்கேன் செய்து பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, 50 வயதாவதற்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதத்தை ஒட்டியும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் ஃபைப்ராய்டு உருவாகிவிடுகிறது. இவர்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் காலம் ஓடிவிடும்.

சரி, ஏற்பி என்றால் என்ன? ஹார்மோன் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. கண், தோல், கல்லீரல், கர்ப்பப்பை எல்லாவற்றையும் ஒரே ரத்தம்தான் நனைக்கிறது. ஆனால் எல்லாத் திசுக்களும் அதற்கு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. இதன் காரணத்தை 1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் கண்டுபிடித்தார். கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தார். மற்ற இடங்களில் ஹார்மோன் வந்த வேகத்தில் வெளியேறிவிட்டது. கர்ப்பப்பை போன்ற ஓரிரு உறுப்புகளில் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. அதுவும் வேதியியல் மாற்றம் ஏதும் இல்லாமல், போன உருவத்திலேயே தங்கியது. அப்படியென்றால் அந்தத் திசுவுக்குள் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஏற்பி என்ற விஷயமே கர்ப்பப்பையை வைத்துத்தான் தெளிவானது என்பது பலருக்குத் தெரியாது.

ஏற்பி என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஹார்மோன் வந்து சேராதபோது வேறு சில துணைப் புரதங்களுடன் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகிறது, இரண்டிரண்டாக ஜோடி சேர்கிறது, டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்கிறது. அங்கே எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பது மாறுகிறது. இது போக, டி.என்.ஏ. வரை போகாமலே செல்லின் சவ்வுப் பகுதியிலிருந்து சில நிமிடங்களில் சமிக்ஞை அனுப்பும் வேகமான வழியும் உண்டு. இரண்டுமே ஃபைப்ராய்டில் நடக்கின்றன.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஆல்பா, பீட்டா என்று இரு வகை. பீட்டா 1996இல்தான் கண்டறியப்பட்டது. ஃபைப்ராய்டு கதையில் முக்கியப் பாத்திரம் ஆல்பாவுக்கு. புரோஜெஸ்டிரோன் ஏற்பியிலும் ஏ, பி என்று இரண்டு. இவை ஒரே மரபணுவிலிருந்து வருபவை. பி வகையின் முன்முனையில் 164 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கட்டியையும் அதை ஒட்டியுள்ள நல்ல தசையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பல ஆய்வுகளில், ஈஸ்ட்ரோஜன் ஆல்பா ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் கட்டியில்தான் அதிகமாக இருந்தன. ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன் அளவு, ஆனால் பக்கத்துப் பக்கத்துத் திசுக்களில் வேறு வேறு விளைவு.

உங்கள் மூன்று கட்டிகளுக்கு வருவோம். ஒன்று வளர்ந்தது, இரண்டு வளரவில்லை. ரத்த ஹார்மோன்தான் காரணம் என்றால் மூன்றும் சேர்ந்து வளர்ந்திருக்க வேண்டாமா? இதே கேள்வியை மனத்தில் வைத்து 2008இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 72 பெண்களிடம் இருந்த 262 கட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்து அளந்தார்கள். ஆறு மாதத்தில் கன அளவின் இடைநிலை வளர்ச்சி 9 சதவீதம். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் ஒளிந்திருந்த வீச்சு பயங்கரமானது: ஒரு முனையில் 89 சதவீதம் சுருங்கிய கட்டி, மறுமுனையில் 138 சதவீதம் வளர்ந்த கட்டி. ஒரே பெண்ணின் கர்ப்பப்பைக்குள்ளேயே ஒன்று வளர, இன்னொன்று சுருங்கியதும் உண்டு. கட்டியின் அளவும் இடமும் வளர்ச்சியைத் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு கட்டியும் தனக்கென ஒரு போக்கு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இடையில் ஒரு கணக்கு. 3 செ.மீ. 4 ஆனால் "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று தோன்றும். விட்டத்தில் அப்படித்தான். கன அளவில் பார்த்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அதே நேரம், அல்ட்ராசவுண்டில் ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே போவது சகஜம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் படியுங்கள்.

இனி "ஈஸ்ட்ரோஜன்தான் வில்லன்" என்ற கதை. பல ஆண்டுகள் மருத்துவமும் அப்படித்தான் நம்பியது, அதற்கு நியாயமும் இருந்தது. பூப்பெய்தும் முன் ஃபைப்ராய்டு வருவதில்லை, மெனோபாஸுக்குப் பிறகு சுருங்குகிறது, கர்ப்ப காலத்தின் ஆரம்ப வாரங்களில் சில கட்டிகள் வளர்கின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்த எல்லா நேரங்களிலும் ஈஸ்ட்ரோஜன் தனியாக ஏறி இறங்குவதில்லை. கூடவே புரோஜெஸ்டிரோனும் ஏறி இறங்குகிறது. இரண்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க நீண்ட காலம் யாருக்கும் வழி கிடைக்கவில்லை.

முதல் துப்பு நுண்ணோக்கியிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளில், பிரிந்துகொண்டிருக்கும் செல்களை எண்ணினார்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன்தான் ஆட்சி செய்யும். கருமுட்டை வெளியான பிறகு, இரண்டாம் பாதியில் புரோஜெஸ்டிரோன் எழும். கட்டியின் செல்கள் எப்போது அதிகம் பிரிந்தன தெரியுமா? இரண்டாம் பாதியில். 1989இல் வந்த இந்த முடிவு, ஈஸ்ட்ரோஜன் கதையோடு சரியாகப் பொருந்தவில்லை.

அப்புறம் 2010இல் ஓர் எலிப் பரிசோதனை வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை என்று இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது கேள்வியைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டது. பெண்களிடமிருந்து எடுத்த ஃபைப்ராய்டு செல்களை உருண்டைபோல் திரட்டி, நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்குக் கீழே பதித்தார்கள். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அந்நியத் திசுவும் உயிர் பிழைக்கும். எலிகளின் சினைப்பைகளை எடுத்துவிட்டதால் அவற்றுக்குச் சொந்த ஹார்மோன் கிடையாது. வெளியிலிருந்து கொடுப்பது மட்டும்தான். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தபோது கட்டி வளரவில்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்தபோது வளர்ந்தது. செல்கள் பெருகின, செல்லைச் சுற்றிய நார்ப்பொருளும் குவிந்தது. புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோனைக் கூடவே கொடுத்தால் வளர்ச்சி நின்றுபோனது. புரோஜெஸ்டிரோனை நிறுத்தினால் வளர்ந்த கட்டி மறுபடி சுருங்கியது.

அப்படியானால் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது தவிர்க்க முடியாத வேலை. ஈஸ்ட்ரோஜன் தன் ஆல்பா ஏற்பி வழியாகச் செல்லுக்குள் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உற்பத்தி செய்ய வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லையென்றால் புரோஜெஸ்டிரோன் ஏற்பி போதுமான அளவு இருக்காது. ஏற்பி இல்லையென்றால் எவ்வளவு புரோஜெஸ்டிரோன் வந்தாலும் செல்லுக்கு அது தெரியாது. ஈஸ்ட்ரோஜன் களத்தைத் தயார் செய்கிறது, வளர்ச்சியை நடத்துவது புரோஜெஸ்டிரோன். இன்றைய புரிதலின் சாரம் இதுதான்.

ஏற்பியில் அமர்ந்த புரோஜெஸ்டிரோன் உள்ளே என்னென்ன செய்கிறது? செல் பெருக்கத்தைத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைக் கூட்டுகிறது. செல் தானாக மடிந்துபோவதைத் தடுக்கும் பி.சி.எல்.-2 என்ற புரதத்தைக் கூட்டுகிறது. வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் கே.எல்.எஃப்.-11 என்ற மரபணுவை அடக்குகிறது. ஆக, பிறப்பு கூடுகிறது, இறப்பு குறைகிறது, தடையும் விலகுகிறது. இதோடு டி.ஜி.எஃப். பீட்டா-3 போன்ற காரணிகளின் தூண்டலால் கொலாஜன், ஃபைப்ரோநெக்டின் போன்ற நார்ப்பொருள்கள் செல்களுக்கு இடையில் குவிகின்றன. ஃபைப்ராய்டைத் தொட்டால் ரப்பர் பந்துபோல் கெட்டியாக இருப்பதற்கு இந்த நார்தான் காரணம். ஒரு பெரிய கட்டியில் செல்களைவிட இதுவே அதிகம் இருக்கலாம். மருந்து கொடுத்துச் செல்களை அடக்கினாலும், ஏற்கனவே சேர்ந்த நார் அவ்வளவு சீக்கிரம் கரையாது. "மருந்து சாப்பிட்டும் முழுசாக மறையவில்லையே" என்ற வருத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வாளர்களையே குழப்பிய ஓர் இடமும் இதில் உண்டு. கட்டியை வளர்த்துக்கொண்டே இருப்பவை அதற்குள் இருக்கும் ஒரு சிறு கூட்டம் ஸ்டெம் செல்கள், அதாவது புதிய செல்களை உருவாக்கும் மூலச் செல்கள். மொத்தத்தில் ஒரு சதவீதம் அளவுதான். இந்த ஸ்டெம் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் மிகக் குறைவு. ஹார்மோனைப் பிடிக்கவே முடியாத செல், ஹார்மோன் இருந்தால் மட்டும் எப்படிப் பெருகுகிறது? விடை, பக்கத்தில் இருப்பவர்கள் மூலமாக. ஏற்பி நிறைந்த முதிர்ந்த செல்கள் ஹார்மோனைப் பிடித்து, அதற்குப் பதிலாக வேறு தூதுப் பொருள்களை வெளியிடுகின்றன. டபிள்யூ.என்.டி. குடும்பத்துப் புரதங்கள், ஆர்.ஏ.என்.கே.எல். என்ற புரதம் ஆகியவை அவற்றில் அறியப்பட்டவை. ஸ்டெம் செல்கள் அந்தத் தூதைக் கேட்டுப் பெருகுகின்றன. மருந்து நிறுத்தியதும் கட்டி திரும்ப வளர்வது ஏன் என்பதும் இங்கே கொஞ்சம் புரியும். ஹார்மோனைத் தடுக்கும்போது தூது நிற்கிறது, ஸ்டெம் செல்கள் சாவதில்லை. காத்திருக்கின்றன.

முதன்முதலில் ஒரு செல் தடம் மாறுவது ஏன் என்பது தனிக்கதை. 2011இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகக் குழு 225 ஃபைப்ராய்டுகளை ஆராய்ந்து, சுமார் 70 சதவீதத்தில் மெட்-12 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டது. வேறு சிலவற்றில் எச்.எம்.ஜி.ஏ.-2 என்ற மரபணு அளவுக்கு மீறி இயங்குகிறது. ஒரே பெண்ணின் வெவ்வேறு கட்டிகளில் வெவ்வேறு மாற்றங்கள் இருக்கலாம். பெரும்பாலும் இவை அந்தச் செல்லில் மட்டும் புதிதாக ஏற்பட்டவை, பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. மெட்-12 புரதத்தின் வேலை என்ன என்று பார்த்தால் சுவாரசியம்: ஏற்பிகள் டி.என்.ஏ.யில் அமர்ந்து கொடுக்கும் உத்தரவை, மரபணுவைப் படிக்கும் இயந்திரத்துக்குக் கடத்தும் கூட்டணியில் அது ஓர் உறுப்பினர். அங்கே பழுது என்றால், வருகிற ஹார்மோன் உத்தரவு நார்மலாக இருந்தும் விளைவு நார்மலாக இருக்காது.

கட்டி தன் சொந்த ஈஸ்ட்ரோஜனையும் கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. அரோமடேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜன்கள் எனும் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். ஃபைப்ராய்டு திசுவில் அந்த நொதி, சுற்றியுள்ள தசையைவிட அதிகம் காணப்படுகிறது. அங்கேயே தயாராகி, அங்கேயே ஏற்பியைத் தொட்டு, அங்கேயே வேலையை முடித்துவிடும் ஈஸ்ட்ரோஜன் கையில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் தெரியவா போகிறது? போதாததற்கு, ரத்த அளவே நாளுக்கு நாள் மாறுவது. புரோஜெஸ்டிரோன் சுழற்சியின் முதல் பாதியில் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் அளவில் கிடக்கும், இரண்டாம் பாதியில் பத்து மடங்கு ஏறும். எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் மனிதர்களில் உறுதிப்படுத்தியவை மருந்துகள்தான். 1993இல் ஒரு சிறு ஆய்வில் 10 பெண்களுக்கு மிஃபெப்ரிஸ்டோன் தினம் 50 மி.கி. வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். கட்டிகள் சராசரியாகப் பாதியளவு சுருங்கின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மெனோபாஸ் அளவுக்கு விழவில்லை. சுழற்சியின் ஆரம்ப நாட்களில் இருக்கும் அளவிலேயே இருந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தொடாமல், புரோஜெஸ்டிரோன் ஏற்பியை மட்டும் அடைத்ததற்கே அந்தப் பலன்.

அதே வழியில் வந்தது யூலிபிரிஸ்டல். 2012இல் வெளியான பரிசோதனையில் தினம் 5 மி.கி. எடுத்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு 13 வாரத்தில் ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 19 சதவீதம்தான். இரும்புச் சத்து வற்றிப்போன பெண்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. ஆனால் அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சை வரை போனது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலும் 2020இலும் அதன் பயன்பாட்டை இறுக்கியது. அறிவியல் சரியாக இருந்தும் மருந்து சறுக்கியது என்பது இதில் வருத்தமான பகுதி.

இன்னொரு வழி, ஏற்பியைத் தொடாமல் ஹார்மோன் வரத்தையே அடைப்பது. லியூப்ரோலைடு போன்ற ஊசிகள் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கி, சினைப்பையை உறங்க வைக்கின்றன. மூன்று மாதத்தில் கட்டி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சுருங்கலாம். கூடவே மெனோபாஸ் வெப்ப அலைகளும் எலும்புத் தேய்மானமும் வரும், அதனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன் சில மாதங்கள்தான் தருவார்கள். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். 2020, 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலகோலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரைகள் கொஞ்சம் புத்திசாலித்தனமானவை. சினைப்பையை அடக்கிவிட்டு, எலும்பைக் காக்கச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்யும் ஒரு செயற்கை மருந்தையும் (புரோஜெஸ்டின்) திருப்பித் தருகின்றன. ரத்தப்போக்கு நன்றாகக் குறைகிறது. ஆனால் கட்டியின் அளவு பெரிதாகச் சுருங்குவதில்லை. ஏற்பிகளுக்குச் சிறு துளி கிடைத்தாலும் கட்டியைத் தாங்கிப் பிடிக்க அது போதும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். புரோஜெஸ்டிரோன்தான் வளர்க்கிறது என்றால், ரத்தப்போக்கு அதிகமானால் டாக்டர்கள் நோரெதிஸ்டிரோன் என்ற புரோஜெஸ்டின் மாத்திரை தருகிறார்களே, கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சுருள் வைக்கிறார்களே, அது கட்டிக்குத் தீனி போடுவதில்லையா? நியாயமான கேள்வி. அந்த மருந்துகளின் குறி கட்டி கிடையாது, கர்ப்பப்பையின் உள்சவ்வு. சவ்வு மெலிந்து நிலைபெற்றால் போக்கு குறையும். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டின் உள்ள அந்தச் சுருள், மருந்தைப் பெரும்பாலும் சவ்விலேயே விடுகிறது. அது ஃபைப்ராய்டைச் சுருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, போக்கைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் புரோஜெஸ்டின் கருத்தடை ஊசியோ, சினைப்பையையே அடக்கிவிடுவதால், அதைப் பயன்படுத்திய பெண்களில் ஃபைப்ராய்டு குறைவாகவே காணப்படுகிறது. ஆக, எந்தப் புரோஜெஸ்டின், எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகலாம். நான் எழுதியதைப் படித்துவிட்டு நடுவில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் போக்கு கொட்டும்.

ஏற்பி ஒன்றே ஆனாலும் திசுவுக்குத் திசு அது வேறு முகம் காட்டும் என்பதற்குத் தமாக்ஸிஃபென் நல்ல உதாரணம். மார்பகத்தில் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கிறது, கர்ப்பப்பையில் அதே ஏற்பியைத் தூண்டுகிறது. ஏற்பியுடன் சேர்ந்து இயங்கும் துணைப் புரதங்கள் ஒவ்வொரு திசுவிலும் வேறு என்பதால் இப்படி. மார்பகப் புற்றுநோய்க்கு அந்த மருந்து எடுக்கும் ஒருவருக்கு ஃபைப்ராய்டு இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இணையத்தில் சுற்றும் "ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்" என்ற பேச்சைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஈஸ்ட்ரோஜன் அதிகம், அதைச் சமன் செய்ய இயற்கைப் புரோஜெஸ்டிரோன் க்ரீம் தடவுங்கள், ஃபைப்ராய்டு கரைந்துவிடும் என்று விற்கிறார்கள். மேலே சொன்ன எலிப் பரிசோதனையையும் மிஃபெப்ரிஸ்டோன் முடிவையும் வைத்துப் பாருங்கள்: சான்றுகள் நேர் எதிர்த்திசையில் கை காட்டுகின்றன. காசும் போய், காலமும் போகும்.

வாழ்க்கை முறையில் ஏதாவது செய்யலாமா என்றால், உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உடல் கொழுப்பு அதிகமானால் அங்கேயும் அரோமடேஸ் வேலை செய்து ஈஸ்ட்ரோஜன் தயாராகும், ஹார்மோனைக் கட்டிவைக்கும் ரத்தப் புரதமும் குறையும். வைட்டமின் டி குறைவாக உள்ள பெண்களில் ஃபைப்ராய்டு அதிகம் காணப்படுகிறது. சோதனைக் குழாயில் வைட்டமின் டி, கட்டிச் செல்களின் ஹார்மோன் ஏற்பிகளைக் குறைக்கவும் செய்கிறது. குறைபாடு இருந்தால் சரிசெய்துகொள்வது நல்லது. கட்டியைக் கரைக்கும் மருந்தாக அதை நம்ப இது போதாது.

கர்ப்பம் தரிக்கும் திட்டம் இருந்தால்: பல கட்டிகள் கர்ப்பத்தில் பெரிதாக மாறுவதில்லை, மாறுபவை பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வளரும், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்பும்போது நிறையக் கட்டிகள் சுருங்கிவிடும். கர்ப்பத்துக்குத் தொந்தரவு தருமா என்பதைக் கட்டியின் அளவைவிட, அது உள்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கிறதா என்பதே அதிகம் தீர்மானிக்கும்.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) என்று ஏற்பிப் பரிசோதனை எழுதியிருப்பார்கள். அதே பரிசோதனை ஃபைப்ராய்டுக்கும் வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். ஃபைப்ராய்டு என்றாலே இரண்டு ஏற்பிகளும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம், முடிவு தெரிந்து சிகிச்சை மாறப்போவதில்லை. மரபணு வகையைப் பார்த்து மருந்தைத் தேர்வு செய்யும் முயற்சிகள் ஆய்வு அளவில் நடக்கின்றன, வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை.

எனவே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் செலவு செய்யாதீர்கள். ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், கூடவே தைராய்டு ஒருமுறை. ஹீமோகுளோபின் நன்றாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டியிருப்பது இப்படிப்பட்ட பெண்களில் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. மெனோபாஸுக்குப் பிறகு ஒரு கட்டி புதிதாக வளர ஆரம்பித்தாலோ, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, அதை ஃபைப்ராய்டு கணக்கில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காமல் உடனே காட்ட வேண்டும். உங்கள் வயதில் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. அடுத்த ஸ்கேனை முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். மூன்று கட்டிகளுக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றையும், ஒவ்வொன்றும் உள்குழியைத் தொடுகிறதா, சுவருக்குள் இருக்கிறதா, வெளிப்பக்கம் நிற்கிறதா என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வளர்ந்த அந்த ஒன்றுக்கு மருந்தா, அறுவையா, சும்மா கவனித்தால் போதுமா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்ய அந்த விவரம்தான் கையில் வேண்டும்.